எதிரொலி கேட்டவர் கை தூக்கவும்

தம்பி கல்யாணத்துக்குப் போகிறவள் புடவையையும் பலகாரத்தையும் பற்றித்தானே யோசிக்க வேண்டும்? நான் போர்க்கப்பலைப் பற்றி யோசித்துக்கொண்டு சென்னையில் இறங்கினேன். திருகோணமலையில் பிறந்தவளுக்கு இது ஒரு வியாதி. எங்கள் வீட்டுச் சமையலறை ஜன்னலைத் திறந்தால் துறைமுகம். யுத்த காலம் முழுவதும் கையில் அகப்பையும் கண்ணில் விமானந்தாங்கிக் கப்பலுமாகக் குடும்பம் நடத்தியவள் நான். கடற்படைக் கிடங்கில் வேலை பார்க்கும் என் கணவரே, "ரோசம்மா, அங்க வாறது குரூசரா டெஸ்ட்ராயரா?" என்று என்னைத்தான் கேட்பார்.

தம்பி அந்தோணிக்கு என்னிலும் முற்றிய பைத்தியம். தாய் தகப்பன் இல்லாத பிள்ளை; வளர்த்தவள் நான். படிக்கட்டும் என்று சென்னைக்கு அனுப்பி, சாந்தோமில் ஒரு விடுதியில் சேர்த்தோம். படிப்பு முடிந்த கையோடு இந்தியக் கடற்படையில் சேர்ந்துவிட்டான். என்ன வேலை தெரியுமா? கடலுக்கடியில் ஒளிந்து கிடக்கும் நீர்மூழ்கியைத் தேடிப் பிடிப்பது. கண்ணால் இல்லை, காதால்!

கப்பலின் அடிவயிற்றிலிருந்து 'பிங்' என்று ஒரு ஒலியைத் தண்ணீருக்குள் அனுப்புகிறார்கள். அது நீர்மூழ்கியின் இரும்பு உடம்பில் பட்டால் மெல்லிய எதிரொலியாகத் திரும்பி வரும். அந்த எதிரொலியின் சுருதி கொஞ்சம் உயர்ந்து வந்தால் நீர்மூழ்கி நம்மை நோக்கி வருகிறது. தாழ்ந்து வந்தால் ஓடிப் போகிறது. சுருதி ஞானம் உள்ள பையனாகப் பார்த்து அந்த இருக்கையில் உட்கார வைப்பார்கள். அந்தோணி விடுதியில் இருந்தபோது கோயில் பாட்டுக்குழுவில் பாடியவன். அந்தப் பாட்டுக்குழுவை நடத்தியவர் சூசை மாஸ்டர். ஆர்மோனியம் வாசித்தவள் மாஸ்டரின் மகள் பிலோமினா. மிச்சத்தை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

யுத்தம் முடிந்த மறு வருஷம் அது. மாஸ்டர் வீடு கடலுக்கு இரண்டு தெரு உள்ளே. மாஸ்டரின் மனைவி மரியம்மாள் என்னைக் கண்டதும், "வாங்க சம்பந்தியம்மா, முதல்ல சாப்பிடுங்க, அப்புறம் பேசலாம்" என்று இலையைப் போட்டுவிட்டார். ரேஷன் அரிசி, அதில் கல் பொறுக்கியே இந்த ஊர்ப் பெண்களின் பாதி ஆயுள் போகிறது. ஆனால் வஞ்சிர மீன் குழம்பு இருக்கிறதே, அடேயப்பா! நாங்கள் தேங்காய்ப்பால் இல்லாமல் மீனைத் தொட மாட்டோம். இங்கே புளியைக் கரைத்து, மிளகாயைக் கொட்டி, அடுப்பிலேயே சண்டைக்கு நிற்கிற மாதிரி ஒரு குழம்பு. முதல் கவளத்தில் கண்ணில் தண்ணீர் வந்தது. அடுத்த கவளத்தில் இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொன்னேன்.

சூசை மாஸ்டர் நெட்டையான மனிதர். பேசினால் தெருக்கோடி வரை கேட்கும். பாட்டு வாத்தியார் அல்லவா, தொண்டை அப்படித்தான் இருக்கும் என்று எண்ணிக்கொண்டேன். கை கழுவிவிட்டு வந்து நேரே விஷயத்துக்கு வந்தார்.

"ரெண்டு ஓலை வாசிச்சாச்சு. மூணாவது இந்த ஞாயித்துக்கிழமை. அதுக்கு முன்னாடி எனக்கு ஒண்ணு தெரிஞ்சாகணும். அந்தோணிக்குக் காது கேக்குதா, இல்லையா?"

எங்கள் கிறிஸ்தவக் கோயில்களில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு பூசையில் சாமியார் மாப்பிள்ளை, பெண் பெயரை வாசித்து, தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள் என்று ஊரறியக் கேட்பார். அதுதான் ஓலை. மூன்றாவது ஓலையும் தடையில்லாமல் கடந்துவிட்டால் கல்யாணம் நிச்சயம். இரண்டு கடந்த பிறகு இப்படி ஒரு கேள்வி!

"என்ன மாஸ்டர் இப்பிடிக் கேக்குறீங்கள்? ஆர் சொன்னது?" என்றேன்.

துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற யாரோ ஒரு புண்ணியவான் சொன்னானாம். அந்தக் கருவிக்கு முன்னால் உட்காருகிறவர்களுக்கு நாளடைவில் காது போய்விடுமாம். இல்லாத சத்தமெல்லாம் கேட்குமாம். "எனக்கு ஆம்பளப் புள்ள கெடையாது. எனக்கப்புறம் பாட்டு மாடத்துல அவன் நிப்பான்னுதானே பொண்ணு தர்றேன்? செவிடனைக் கொண்டாந்து நிறுத்தினா ஊரு சிரிக்காதா? சனிக்கிழமை அவன் கப்பல் வருது. நானே போய்ப் பாக்கறேன். சரியில்லன்னா சாமிகிட்டச் சொல்லி ஓலையை நிறுத்திடுவேன்."

பிலோமினா கதவருகே நின்றாள். முகத்தில் ரத்தமே இல்லை. நானோ தைரியமாகச் சிரித்து வைத்தேன், ஆனால் எனக்கும் ஒரு சந்தேகம் இருந்தது. ஏனென்றால் போன விடுமுறையில் அந்தோணி முற்றத்தில் நின்றபோது பின்னாலிருந்து மூன்று தடவை கூப்பிட்டேன். அவன் திரும்பவே இல்லை.

மறுநாள் சாயங்காலம் பிலோமினா என்னைக் கடற்கரைக்கு அழைத்துப் போனாள். பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லித் தருகிறாள். நடையிலேயே அது தெரிந்தது. எங்கள் கடல் மலைகளுக்கு நடுவே அடங்கிக் கிடக்கிற கடல். இவர்களுடையதோ கண்ணுக்கு எட்டிய மட்டும் மணல், அதற்கப்பால் சும்மா நில்லாத அலை. இதில் ஒரு கப்பல் எப்படி ஒதுங்கும் என்று நான் குறை சொல்லிக்கொண்டிருந்தபோது, தெற்கே அடையாற்று முகத்துவாரத்தின் பக்கமிருந்து உறுமல் கேட்டது. மூன்று விமானங்கள் தாழப் பறந்து வந்தன.

"ரெண்டு எஞ்சின்! டகோட்டா!" என்று நான் கத்திவிட்டேன். மணலில் உட்கார்ந்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சுண்டல் விற்கிறவன் கூடையை இறக்கிவிட்டு, "இன்னாம்மா, பிளேனப் பாத்து இப்டி கூவிக்கினு கீறே? உங்கூட்டுக்காரரு அதுல வர்றாரா?" என்றான்.

நான் விடுவேனா? புரொப்பல்லரே இல்லாமல் நெருப்பைப் பின்னால் கக்கிக்கொண்டு பறக்கும் விமானம் வந்துவிட்டது. அதைக் கப்பலின் தட்டிலேயே இறக்கிக் காட்டிவிட்டார்கள் என்று அவனுக்கு விளக்கினேன். அவன் வாயைப் பிளந்து கேட்டுவிட்டு, "விசிறி இல்லாம எப்டிம்மா ஓடும்? சொம்மா டபாய்க்காதே" என்று சுண்டலை மட்டும் கொடுத்துவிட்டுப் போனான். பிலோமினா அன்றுதான் முதல்முதலாகச் சிரித்தாள். "அண்ணி, நீங்களே கடற்படைல சேந்திருக்கலாம்" என்றாள். எங்களூரில் மச்சாள் என்போம்; அண்ணியும் நன்றாகத்தான் இருந்தது.

அன்று பாட்டுப் பயிற்சிக்கும் போய் உட்கார்ந்தேன். மாஸ்டர் கையை வீச, குழு பாடியது. பிலோமினா ஆர்மோனியத்தைத் திருப்பிப் போட்டுக்கொண்டு, அப்பாவின் முகத்துக்கு நேரே உட்கார்ந்து வாசித்தாள். ஒவ்வொரு பாட்டுத் தொடக்கத்திலும் தலையை அசைத்தாள். தகப்பனிடம் இவ்வளவு மரியாதையா என்று மெச்சிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை தியாகராய நகருக்குக் கூறைப்புடவை எடுக்கப் போனோம். யுத்த காலத்தில் பெட்ரோல் இல்லாமல் கரியில் ஓடப் பழகிய பஸ்களில் ஒன்று எங்களுக்கு வாய்த்தது. முதுகில் அடுப்பைச் சுமந்துகொண்டு இருமி இருமி வந்த அந்த வண்டி, தேனாம்பேட்டைப் பக்கம் நின்றே போயிற்று. டிரைவர் இறங்கி அடுப்பைக் கிளறினார். கண்டக்டர் எங்களையும் இறக்கி, "ஒரு கை குடுங்க நைனா, தள்ளினா ஓடும்" என்று ஆண்களைக் கூப்பிட்டார். எல்லாரும் தள்ளினார்கள். வண்டி கிளம்பிற்று, கிளம்பிய வேகத்தில் தள்ளியவர்களை விட்டுவிட்டுப் போகப் பார்த்தது. மயிலாப்பூர்ப் பெரியவர் ஒருவர் வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்து ஏறி, "ஆத்துல இருந்து பொடி நடையா வந்திருந்தாலே இந்நேரம் காரியம் முடிஞ்சிருக்கும்" என்று மூச்சு வாங்கினார். கரி முழுதும் என் வெள்ளைப் புடவையில். நல்ல மாம்பழ நிறப் பட்டு ஒன்றை எடுத்தோம். பிலோமினா அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "ஞாயித்துக்கிழமைக்கு அப்புறம் எடுத்திருக்கலாமோ அண்ணி?" என்று கேட்டாள். நான் காதில் விழாத மாதிரி கடைக்காரரிடம் பணத்தை எண்ணிக் கொடுத்தேன்.

சனிக்கிழமை விடிந்ததும் நான்தான் முதலில் தயார். மாஸ்டர், மரியம்மாள், பிலோமினா, நான் என்று நான்கு பேரும் டிராமில் துறைமுகம் போய்ச் சேர்ந்தோம். பொதுஜனங்கள் கப்பலைப் பார்க்கலாம் என்று விட்டிருந்ததால் மெட்ராஸே அங்கே இருந்தது. கப்பல் சின்னதுதான், ஆனால் என்ன மிடுக்கு! சாம்பல் நிறம், கூர்மூக்கு, பின்புறத்தில் தண்ணீருக்கடியில் வெடிக்கும் ஆழ்குண்டுகள் பீப்பாய் பீப்பாயாக அடுக்கியிருந்தன. உச்சியில் ராடார் சட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. என் கால் தரையில் நிற்கவில்லை.

வரிசையில் எங்களுக்கு முன்னால் திருவல்லிக்கேணியிலிருந்து வந்த ஒரு பாய், குடும்பத்தோடு நின்றார். அவர் மனைவி எங்கள் எல்லாருக்கும் சமோசா கொடுத்தார். அதற்குக் கைம்மாறாக நான் பிரசங்கம் செய்தேன். யுத்தம் முடிவதற்குள் ஜெர்மன்காரன் நீர்மூழ்கிக்கு மூக்கு வைத்துவிட்டான். ஒரு குழாயை மட்டும் தண்ணீருக்கு மேல் நீட்டிக் காற்றை இழுத்துக்கொண்டு, நாள்கணக்கில் அடியிலேயே ஓடலாம். விமானத்திலிருந்து தேடினாலும் அந்தச் சின்ன மூக்கு கண்ணில் படுவது கஷ்டம். ஆகவே இனிமேல் எல்லாம் காதை நம்பித்தான். பாய் தாடியைத் தடவிக்கொண்டு, "அப்போ உங்க தம்பி காதுதான் இந்தக் கப்பலுக்கே காவல்னு சொல்லுங்க" என்றார். மாஸ்டரைக் கடைக்கண்ணால் பார்த்தேன். அவர் கேட்ட மாதிரியே காட்டிக்கொள்ளவில்லை.

மேலே போனால் அந்தோணி வெள்ளைச் சீருடையில் நிற்கிறான்! கட்டிப்பிடிக்கக்கூட விடாமல் முதலில் ஒரு காரியம் செய்தேன். அவன் முதுகுக்குப் பின்னால் போய் மெதுவாக, "தம்பி" என்றேன். உடனே திரும்பினான்.

"அப்ப போன லீவில ஏன்டா திரும்பேல்லை?"

"கேட்டது அக்கா. திரும்பினா மா இடிக்கச் சொல்லுவாய் எண்டு பேசாமல் நிண்டனான்."

படவா! அத்தனை ஜனத்துக்கு நடுவில் அவன் முதுகில் ஒன்று வைத்தேன். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

ஆனால் மாஸ்டர் சிரிக்கவில்லை. "மாப்பிள, உன் கருவியைக் காட்டு. நானும் காதுல மாட்டிக்கறேன். எதிரொலி வந்தா கையைத் தூக்கணும். நீயும் தூக்கு, நானும் தூக்கறேன். பாக்கலாம்" என்றார். பாட்டுக்குழுவுக்குப் புதிதாக ஆள் எடுக்கும்போது அவர் வைக்கிற பரீட்சை அதுதானாம். ஆர்மோனியத்தில் ஒரு கட்டையை அழுத்துவார். சுருதி பிடித்தவன் கை தூக்க வேண்டும்.

அந்தச் சிறு அறையில் ஆறேழு பேர் நெருக்கி நின்றோம். துறைமுகத்தில் ஏது நீர்மூழ்கி? பயிற்சிக்காகப் பொய் எதிரொலி தருகிற ஒரு பெட்டி இருந்தது. அதை ஒரு மலையாளி மாலுமி இயக்கினார். அந்தோணி ஒரு காதுக்கருவியை மாட்டிக்கொண்டான், மாஸ்டர் இன்னொன்றை.

முதல் ஒலி போயிற்று. கொஞ்சம் பொறுத்து அந்தோணியின் கை உயர்ந்தது. மாஸ்டரின் கை மடியிலேயே இருந்தது.

மறுபடியும் ஒலி. மறுபடியும் அந்தோணி கை தூக்கினான். மாஸ்டர் தூக்கவில்லை. மூன்றாவது முறையும் அப்படியே ஆனதும் அவர் காதுக்கருவியைக் கழற்றிவிட்டு எழுந்தார்.

"பாத்தீங்களா? அந்த ஆளு சொன்னது நெசம்! சத்தம் போறது கேக்குது. திரும்பி ஒண்ணும் வரலை. வெறும் காத்துக்குக் கையத் தூக்கறான்!" என்று அறையே அதிரக் கத்தினார்.

அந்தோணியின் முகம் வெளிறியது. அப்போது பிலோமினா முன்னால் வந்து, அப்பா கழற்றி வைத்த காதுக்கருவியை எடுத்துத் தன் காதில் மாட்டிக்கொண்டாள். கண்ணை மூடினாள். மாலுமி பெட்டியைத் தட்டினார்.

அந்தோணியின் கையும் அவள் கையும் ஒரே சமயத்தில் உயர்ந்தன.

இன்னொரு தடவை. இரண்டு கையும் சேர்ந்தே உயர்ந்தன. இன்னொரு தடவையும் அப்படியே. கண்ணைத் திறந்தாள். கண் நிறைந்திருந்தது. "ரெண்டாவது சத்தம் வருதுப்பா. மெதுவா வருது" என்றாள்.

மாஸ்டர் அவளைப் பார்த்தார். கருவியை வாங்கி மறுபடி மாட்டி, இரண்டு கையாலும் காதோடு அழுத்திக்கொண்டார். ஒலி போயிற்று. அவர் காத்திருந்தார். பிலோமினா அவருக்கு நேரே நின்று, எப்போதும் செய்கிற மாதிரி, மெல்லத் தலையை அசைத்தாள். அவர் கை உயர்ந்தது.

எனக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கிற்று. ஆர்மோனியத்தைத் திருப்பிப் போட்டது, தலையை அசைத்தது, இவருடைய பெரிய குரல் எல்லாம். அந்தோணிக்கும் விளங்கிவிட்டது. அவன் கருவியைக் கழற்றிவிட்டு, வெளியிலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தவர்களிடம், "மாமாவும் சரியாச் சொல்லிட்டார். நல்ல காது" என்றான்.

மாஸ்டருக்கு அந்த உதட்டசைவு புரிந்திருக்க வேண்டும். அவன் மன்னித்ததும் புரிந்திருக்க வேண்டும். விறுவிறுவென்று ஏணியில் இறங்கிவிட்டார். டிராமில் வீடு வரும்வரை ஜன்னலுக்கு வெளியேதான் பார்த்துக்கொண்டு வந்தார். ஐஸ் ஹவுஸ் பக்கம் டிராமின் கம்பு கம்பியை விட்டு நழுவி வண்டி நின்றது. அதற்கும் அவர் திரும்பவில்லை.

வீட்டுக்கு வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் கோயில் பக்கம் போனார். சாமியார் வீடும் அந்தப் பக்கம்தான். மரியம்மாள் அடுப்படியில் உட்கார்ந்துவிட்டார்.

"அப்பாவுக்குக் காது மந்தம்னு ரெண்டு வருஷமா எங்களுக்குத் தெரியும் அண்ணி" என்றாள் பிலோமினா. "அவருக்கே தெரியாதுன்னு நாங்க நெனச்சோம். எங்களுக்குத் தெரியாதுன்னு அவர் நெனச்சிருக்கார். ஆனா இவ்வளவு மோசம்னு அவருக்கே தெரியல. இப்ப அந்தோணிக்கும் தெரிஞ்சு போச்சு. தினமும் அவர் மூஞ்சியைப் பாக்க அப்பாவால முடியுமா? பேசாம ஓலையை நிறுத்திட்டார்னா?"

"நீ அழாதை பிள்ளை" என்று அவள் தலையைத் தடவியதோடு சரி. மாஸ்டர் திரும்பி வந்தார், ரசமும் சோறும் சாப்பிட்டார், படுத்துக்கொண்டார். போன இடத்தில் என்ன சொன்னார் என்று கேட்க எங்கள் மூவருக்கும் துணிவில்லை.

ஞாயிறு பூசைக்கு அந்தோணி சீருடையிலேயே வந்து என் அருகில் நின்றான். கோயில் நிறைந்திருந்தது. பின்புற மாடத்தில் மாஸ்டர் கையை வீச, குழு பாடியது. பிரசங்கம் முடிந்தது. சாமியார் காகிதத்தைக் கையில் எடுத்தார். வயதானவர், மூக்குக்குள் பேசுகிறவர்.

"திருகோணமலைப் பங்குக் கோயிலைச் சேர்ந்த அந்தோணிக்கும், இந்தப் பங்கு சூசையின் மகள் பிலோமினாவுக்கும், மூன்றாம் ஓலை. தடை ஏதும் அறிந்தவர்கள் தெரிவிக்கக் கடவார்கள்."

வாசித்துவிட்டார்! நிறுத்தவில்லை! நான் அந்தோணியின் கையைப் பிடித்து நசுக்கினேன். அந்த நேரம் பார்த்து மாடத்தில் நாற்காலி நகரும் சத்தம். எல்லாரும் அண்ணாந்து பார்த்தோம். மாஸ்டர் கைப்பிடிச் சுவர் ஓரத்தில் எழுந்து நின்றார். எனக்கு உயிர் போய்விட்டது.

அவர் மகள் பக்கம் குனிந்து காதோடு ரகசியம் பேசினார். ரகசியம் என்று அவர்தான் நினைத்துக்கொண்டார். அது பீடம் வரை கேட்டது.

"வாசிச்சிட்டாரா பிலோமி?"

பிலோமினா வழக்கம்போலத் தலையசைக்கப் போனாள். அவர் அவள் தோளில் கை வைத்து நிறுத்தினார். பிறகு சபைக்கு முன்னால் நிமிர்ந்து நின்று, "சாமி, மன்னிக்கணும். எனக்குக் காது சரியாக் கேக்கறதில்ல. எம் பொண்ணோட ஓலை. ஒரு தடவை சத்தமா வாசிங்க" என்றார்.

ஒருவரும் சிரிக்கவில்லை. பாட்டுக்குழுவில் ஒரு பெண் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சாமியார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு, காகிதத்தைத் தூக்கிப் பிடித்தார். அந்த வயதானவருக்குள் அவ்வளவு பெரிய குரல் எங்கே இருந்ததோ! கடற்கரையில் வலை உலர்த்துகிறவர்களுக்கும் கேட்கும்படி ஒவ்வொரு பெயராக நிறுத்தி நிறுத்தி வாசித்தார். "தடை ஏதும் அறிந்தவர்கள் தெரிவிக்கக் கடவார்கள்!" என்று முழங்கிவிட்டு மாடத்தைப் பார்த்தார்.

"ஒரு தடையும் இல்ல சாமி!" என்றார் சூசை மாஸ்டர். "மேல நடத்துங்க!"